நாலு மணி விரோதி

மனுக்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பதிவு அலுவலக வாசலில் மடக்கு மேஜை போட்டு, நாற்பது வருடம் அடுத்தவர் பெயர்களையே எழுதியதில் அவருடைய பெயர் மறைந்து போயிற்று. அத்தனை வருடத்தில் ஒரு விண்ணப்பத்திலும் பொய் எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. "சும்மா ஏதாவது போடுங்க சார்" என்றவர்களை எழுப்பி அடுத்த மேஜைக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்த மேஜைக்காரர் மாடி வீடு கட்டிவிட்டார், அது வேறு விஷயம்.

அவருக்கு விரோதி என்று ஒரே ஒருவர்தான். பக்கத்து வீட்டு மெக்கானிக். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் முப்பத்தோரு வருடம் குடியிருந்தவர்கள். மெக்கானிக் வீட்டு மழைத்தண்ணீர்க் குழாய் மனுக்காரரின் ஜன்னலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. மனுக்காரர் நகராட்சிக்குப் பதினொரு மனு போட்டார். பதிலுக்கு மெக்கானிக், இருப்பதிலேயே அதிகம் புகை கக்கும் வண்டியாகப் பார்த்து, தினமும் காலை ஆறு மணிக்கு அந்த ஜன்னலடியில் நிறுத்தி முறுக்கிப் பார்த்தார். அதோடு நேருக்கு நேர் பேச்சு நின்றது. பத்தொன்பது வருடமாயிற்று.

பிறகு மெக்கானிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் மகள் வந்து அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனாள். ஜன்னலடி அமைதியானது. இந்த அமைதிக்காகத்தான் பதினொரு மனுவும். கிடைத்தபோது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. "குழாயை எப்பக் கழட்டப் போறாங்கன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் இல்லத்துக்குப் போனார். மறுநாளும் போனார். அப்புறம் தினமும் நாலு மணிக்குப் போனார்.

அங்கேயும் நேர்ப் பேச்சு கிடையாது. அடுத்த கட்டிலில் காது சுத்தமாகக் கேட்காத பெரியவர் ஒருவர் இருந்தார். "குழாய் போட்டது எந்த வருஷம்னு அந்த ஆளைக் கேளுங்க பெரியவரே" என்பார் மனுக்காரர். "சுவர் யாரோடதுன்னு மொதல்ல அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்பார் மெக்கானிக். பெரியவர் இருவருக்கும் பாரபட்சமில்லாமல் தலையாட்டுவார். ஐந்து மணி வரை அமர்க்களப்படும். சண்டை மும்முரத்தில் மெக்கானிக் டீயையும் பிஸ்கட்டையும் தன்னை அறியாமலே காலி செய்துவிடுவார்.

அதில் மண் விழுந்தது. புதிதாக வந்த மேலாளர் அம்மா, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு படிவம் கொண்டுவந்தார். பெயர், முகவரி, போன் நம்பர், உறவு. வரவேற்பு மேஜைப் பெண் குரலைத் தாழ்த்தி, "தம்பின்னு போட்டுட்டுப் போங்க சார். யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். மனுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முத்து முத்தான எழுத்தில் 'விரோதி' என்று எழுதிக் கொடுத்தார்.

"சொந்தக்காரங்களுக்கே ஆயிரம் கட்டுப்பாடு. விரோதியை எப்படிங்க உள்ள விடுறது?" என்றார் மேலாளர் அம்மா. "ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவர் பொண்ணுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "தம்பின்னு எழுதினா குடியா முழுகிடும்?"

"பொய் எழுதினாலும் எழுதுவேன். அந்த ஆளுக்குத் தம்பின்னு மட்டும் எழுத மாட்டேன்."

நாலு மணி ஆனால் சட்டையை மாட்டுவார், பிறகு கழற்றுவார். தெருமுனைக் கடைக்காரரிடம் வலியப் போய்ச் சண்டை இழுத்தும் பார்த்தார். அந்த மனிதர் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டதால் சப்பென்று போயிற்று. எட்டாம் நாள் வரவேற்பு மேஜைப் பெண் போன் செய்தாள். "டீயைத் தொடறதே இல்ல சார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்கிறார்." மனுக்காரர் சட்டையை மாட்டினார், இந்தத் தடவை கழற்றவில்லை. குழாய்ச் சண்டை முடியாமலே அந்த ஆள் போய்விடுவாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஓட்டமும் நடையுமாக இல்லத்துக்குப் போனார். மேலாளர் அம்மாவுக்காகக் காத்திருந்த நேரத்தில், பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகள் கண்ணில் பட்டன. எத்தனையோ வருடமாக அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. நான்காவது விதி சொன்னது: 'இல்லத்தில் வசிப்பவர் தாம் விரும்பும் எவரையும் சந்திக்கலாம், விரும்பாதவரை மறுக்கலாம்.' மனுக்காரர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார். மெக்கானிக்கைப் பற்றி அவர் எழுதிய பன்னிரண்டாவது மனு அது.

மேலாளர் அம்மா இரண்டு முறை படித்தார். "விதி இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவரே வாயைத் திறந்து சொல்லணும். வாங்க, உங்க முன்னாலயே கேட்டுடறேன்."

மனுக்காரர் பின்னாலேயே போனார். அந்த வாயிலிருந்து 'வேண்டும்' என்று வராது. அந்தக் கட்டிலில் மனுக்காரரே படுத்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மெக்கானிக் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். மேலாளர் அம்மா நான்காவது விதியைப் படித்துக் காட்டிவிட்டு, "இவர் உங்களைப் பாக்க வரணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்."

மனுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ சரி. இனிமே இவர் வர மாட்டார்."

"அதை நீங்க எப்படிம்மா சொல்லலாம்?" மெக்கானிக் இந்தப் பக்கம் புரண்டு, நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "வேணாம்னு சொல்றது என்னோட உரிமைன்னு இப்பத்தானே படிச்சீங்க? இன்னிக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு நான் யாரைப் பாத்துச் சொல்றது? தினமும் நாலு மணிக்குக் கொண்டுவந்து இந்த நாற்காலியில உக்கார வைங்க. மூஞ்சியைப் பாத்து நானே சொல்லிக்கிறேன்."

மேலாளர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணாம்னு சொல்ல எவ்வளவு நேரங்க ஆகப்போகுது?"

"அஞ்சு மணி வரைக்கும் ஆகும்" என்றார் மெக்கானிக். "மொதல்ல, எட்டு நாளா எங்க போய்த் தொலைஞ்சார்னு கேக்கணும்ல?"