செத்த பயிருக்குக் காவல்

காய்ந்த கம்பந்தட்டைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசும் அந்தச் 'சரசர' ஓசையை இன்று கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாற்பதுகளில் ஒரு வருஷம். விதைப்புக்குப் பெய்த மழை அதன்பிறகு எங்கள் பரளச்சிப் பக்கம் எட்டியே பார்க்காததால், முழங்கால் உயரம் வளர்ந்த கம்பு, கதிர் வாங்காமலே நின்ற நிலையில் கருகிப்போனது. எங்கள் 'காட்டில்', அதாவது அந்த மானாவாரி நிலத்தில், சின்னப் பெண்ணான நான் கையில் விளாறுக் குச்சியுடன் அந்தச் செத்த பயிருக்குக் காவல் நின்றேன். நான் விரட்ட வேண்டியிருந்தது அடுத்தவர் மாட்டை அல்ல, எங்கள் வீட்டு உழவுமாடுகளான மயிலையையும் செவலையையும்தான்.

சிரிக்காதீர்கள். கிராம முன்சீப்பு வீட்டுக்கு வீடு வந்து சொன்னது அப்படி. "ஆபீசரு வந்து கண்ணால பார்த்தாத்தான் தீர்வை தள்ளுபடி, மாட்டுத் தீவனத்துக்குத் தக்காவி எல்லாம். அவுக வார வரைக்கும் ஒரு தட்டையில கை வைக்கப்படாது. அறுத்துட்டா வெள்ளாமை வீடு வந்துருச்சுன்னு எழுதிருவாக." 'தக்காவி' என்றால் கஷ்ட காலத்தில் சர்க்கார் கொடுக்கும் கடன். நிலவரியான தீர்வையைக் கட்ட முடியாமல் நிலம் ஏலத்துக்குப் போய்விடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்த என் ஐயா, முன்சீப்பின் பேச்சைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் இருந்த தீவனம் தீர்ந்தது. கூரையில் வேய்ந்திருந்த பழைய தட்டையைப் பிடுங்கிப் போட்டோம், அதுவும் தீர்ந்தது. செவலை வரப்பில் நின்று கழுத்தை நீட்டும். நான் விளாறை ஓங்குவேன், அடிக்க மனம் வராமல் அழுவேன். ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "செத்த பயிருக்குக் காவலு, உசுரோட நிக்கிற மாட்டுக்குப் பட்டினியா? அவுத்து விடுங்க!" என்று கத்துவாள். "நெலம் போச்சுன்னா மாட்டை வச்சு எங்க போயி உழுவ? நாளைக்கு வந்துருவாகளாம்" என்பார் ஐயா. ஆபீசர் திருச்சுழி வரை வந்துவிட்டார் என்பார்கள். இல்லை, பந்தல்குடியோடு திரும்பிவிட்டார் என்பார்கள்.

ஒருநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் வயிற்றுக்கடியில் கழி கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். விட்டதும் முன்னங்கால் மடங்கிவிட்டது. ஆத்தா காட்டுக்கு ஓடிப்போய் ஒரு கைத் தட்டையைப் பிடுங்கிவந்து அதன் வாயில் வைத்தாள். ஐயா தடுக்கவில்லை. மாடு மெல்லவில்லை.

அடுத்த வாரம் ஆபீசர் வில்வண்டியில் வந்தார். ஐயா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி, "எசமான், காட்டுக்குள்ள இறங்கி ஒரு பார்வை பாருங்க. தொடாம வச்சிருக்கேன்" என்று கும்பிட்டார்.

"இந்தப் பக்கம் பூரா இதே கதைதானய்யா, பார்க்க என்ன இருக்கு? தள்ளுபடி ஆகும். தக்காவிக்கு எத்தனை மாடு?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார் அவர்.

 கூட வந்திருந்த முன்சீப்புதான் "ஒண்ணு" என்றார்.

வண்டி போனதும் ஐயா மயிலையை அவிழ்த்துக் காட்டுக்குள் விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நிலம் தப்பியதற்காக வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை.

போன வருஷமும் மழை பொய்த்தது. நிவாரணத்துக்காகப் பார்வையிட ஆள் வருவார்களாம், அதுவரை காய்ந்த மக்காச்சோளத்தை அறுக்காமல் வைக்க வேண்டுமாம் என்று என் மகன் வந்து சொன்னான். "காவலுக்கு யாருடா நிக்கிறது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எதுக்கும்மா காவலு? ஊர்ல மாடு ஏது?"