விருப்பம் உங்களுக்கு, திட்டு எனக்கு

கேபிள் தொழிலில் இருப்பதே இரண்டு வேலைதான்: கம்பத்தில் ஏறுவது, திட்டு வாங்குவது. முதல் வேலையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். மாமல்லபுரத்தில், சிற்பக் கூடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட எங்கள் சின்னக் கடையில் போனும் கையுமாக உட்கார்ந்து இரண்டாவது வேலையை நான் பார்க்கிறேன். போனை எடுத்தவுடன் "சார் இல்லையா?" என்பார்கள். "சார் கம்பத்து மேல இருக்காரு. திட்டுறதா இருந்தா என்னையே திட்டலாம்" என்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே கோபம் இறங்கிவிடும். மீதிப் பேர் கிடைத்த அனுமதியை ஒரு சொட்டுகூட வீணாக்க மாட்டார்கள்.

நீங்களும் யாருக்கோ சந்தாதாரர்தான். கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் திரை நீலமாகும் வேதனை உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு டிவி நின்றது. அதே நிமிஷம் எனக்கு ஒரு தெருவே நின்றது. அந்த வகையில் நாம் சொந்தக்காரர்கள்.

சில வருஷங்களுக்கு முன் புது விதி வந்தது. எந்தச் சேனல் வேண்டும் என்பதை இனிமேல் சந்தாதாரரே தேர்ந்தெடுப்பார், எங்களுக்குப் பிடித்ததை அவர் தலையில் கட்டக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஹோட்டல்காரர்கள் மொட்டைமாடியில் சொந்தமாக டிஷ் வைத்துக்கொண்டார்கள், வாலிபப் பிள்ளைகள் செல்போனுக்குள் குடி போய்விட்டார்கள். எங்களுக்குச் சோறு போடுவது ஊருக்குத் தெற்கே இருக்கும் மீனவர் குப்பம்தான். சந்தாதாரர் விருப்பம் என்று யார் சொன்னாலும், அந்தக் குப்பத்துக்கு எங்களை வேண்டாம் என்ற விருப்பம் வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

காரப்பொடிக் கணக்கு

குப்பத்தில் எனக்கு முதல் வாடிக்கை கன்னியம்மா அக்கா. கரையில் மீனை ஏலம் எடுத்து வந்து, ஈசிஆர் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கூறு கட்டி விற்பார். புது விதியை அவருக்கு விளக்கப் போனேன். மாதாமாதம் ஓர் அடிப்படைக் கட்டணம். அதற்கு ஒரு கட்டு இலவசச் சேனல்கள் வரும். அதில் அரசாங்கச் சேனல்கள் கட்டாயம். சீரியல், சினிமா வேண்டுமென்றால் அதற்கு மேல் தனிக்காசு. நான் ஒப்பித்து முடிக்கும்வரை அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தக் கட்டுல தமிழு எத்தினி?" என்றார். "கொஞ்சம்தான்க்கா. மத்ததெல்லாம் இந்தி, வடக்கத்தி பாஷைங்க." "அத்தையெல்லாம் எடுத்துட்டுக் காச கொறை." "எடுக்க முடியாதுக்கா. ரூலு." அப்போதுதான் கத்தி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வஞ்சரம் கேக்குறவகிட்ட, மொதல்ல ஒரு கூடை காரப்பொடி மீனுக்கு டப்பு குடு, அப்பால வஞ்சரத்துக்குத் தனியா குடுன்னு நான் சொன்னா, இந்த எடத்துல என்னைக் குந்த வுடுவாளுங்களா?"

யார் அந்தச் சந்தாதாரர்?

சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு குடும்பம். இருவரும் திருநெல்வேலிக்காரர்கள். கணவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி, மனைவி பள்ளி ஆசிரியை. பையனுக்குப் பிளஸ் டூ. ஒருநாள் காலை அலுவலகத்திலிருந்து அவர் பேசினார்: சீரியல் சேனல்களை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன். சாயங்காலம் அந்த அம்மா பேசினார்: போட்டுவிடுங்கள். போட்டுவிட்டேன். மறுநாள் காலை மறுபடி அவர். சந்தாதாரர் கேட்டால் மாற்றித் தர வேண்டும் என்பது விதி. கம்பம் ஏறாமல் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலைதான், ஆனாலும் விரல் தேய்ந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் இருவரும் ஒரே காரில் கடைக்கே வந்துவிட்டார்கள். இணைப்பு என் பெயரில் இருக்கிறது என்றார் அவர். பணம் என் போனிலிருந்துதான் போகிறது என்றார் அந்த அம்மா. பிறகு இரண்டு பேரும், ஏதோ நான் நீதிபதி மாதிரி, என் முகத்தையே பார்த்தார்கள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சந்தாதாரர் சொன்னா செய்யணும், அவ்வளவுதான் சார்" என்று நழுவப் பார்த்தேன். அவர் படித்த மனிதர், விடுவாரா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ரொம்பத் தணிவாகக் கேட்டார்:

"அந்த ரூல்ல சந்தாதாரர்னு போட்டிருக்காவள்லா, அது வீட்ல எந்த ஆளுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காவளாம்மா?"

எண் மாறிய அன்று

இன்னொரு விதியும் வந்தது. சேனல்களை மொழிவாரியாக, வகைவாரியாக அடுக்க வேண்டும் என்று. செய்தி ஓரிடம், பாட்டு ஓரிடம், சாமி ஓரிடம். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நம் ஜனங்களுக்குச் சேனல் என்றால் பெயரா, எண்தானே? விடிந்து எழுந்தபோது எல்லோருடைய எண்ணும் மாறியிருந்தது. அன்றைக்குப் போன் ஓயாததில், காப்பியை ஆறிய பிறகே குடித்தேன்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பேசினார். வருஷக்கணக்காக ஒரே எண்ணை அழுத்திச் செய்தி பார்த்தவர். இன்றைக்கு அதே எண்ணில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டிருக்கிறதாம். புது எண்ணை மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன். புரிந்துவிட்டது என்று நினைத்து நான் போனை வைக்கப் போகும்போது சொன்னார்:

"அதெல்லாம் சரிம்மா, என் பழைய நம்பர்ல இப்ப ஏறிக்கினு வர்றவங்க எங்க எறங்குறாங்கன்னு கேட்டுச் சொல்லு, அப்பால எனக்கே போட்டுடு."

நந்தி போன பாதை

இப்போது டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். ஈசிஆர் ஓரத்து அடுக்குமாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ரொம்ப உஷாரானவர். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று எங்களிடம் ஓர் இணைப்பு, ஒரு பெரிய கம்பெனியிடம் ஓர் இணைப்பு என இரண்டு வாங்கி வைத்திருந்தார். யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், அது அவர் உரிமை. இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில்தான் தொங்குகின்றன என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருச் சிற்பக் கூடத்திலிருந்து ஒருநாள் பெரிய கல் நந்தி ஒன்று லாரியில் ஏறி ஏதோ கோயிலுக்குக் கிளம்பியது. போகிற வழியில் அந்தத் தம்பியின் இரண்டு கம்பெனிகளையும் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டே போய்விட்டது. தம்பி மீட்டிங்கின் நடுவில் இருந்தவர், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டவுசரோடு தெருவுக்கு ஓடி வந்தார். நான் சிற்பக் கூடத்துக்கு ஓடினேன். ஒயரைப் பார்த்து ஓட்டக் கூடாதா என்று சத்தம் போட்டேன். கூடத்துக்காரர் உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை:

"சாமி பொறப்படுதுன்னு காலைலேர்ந்து மோளம் அடிச்சிகினு கீறோம், உன் ஒயருக்குக் காது கேக்கலியா?"

ஊர் போட்ட தேர்வு

குப்பத்துக்கு வருகிறேன். சேனலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அங்கே வீடு வீடாகப் போனேன். கன்னியம்மா அக்கா மட்டும்தான் கணக்குக் கேட்டார். மற்ற எல்லோரும் "நாட்டார் சொல்லட்டும்" என்றார்கள். நாட்டார் என்றால் குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவர். எந்த நாள் கடலுக்குப் போவது, எந்த நாள் போகக்கூடாது என்பதிலிருந்து கோயில் திருவிழா வரை அவர் கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதுதான் ஊருக்குச் சட்டம். சேனலுக்கும் கூட்டம் போட்டார்கள். குப்பம் முழுக்க ஒரே பேக்கேஜ் என்று முடிவானது.

"இது ஒவ்வொரு வூடும் தனித்தனியா எடுக்கவேண்டிய முடிவு நாட்டாரே, சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். உள்ளூர எனக்குக் குஷிதான். ஒரே தட்டலில் ஒரு ஊரின் வேலை முடியும் என்றால் எந்தக் கேபிள்காரிக்குக் கசக்கும்? நாட்டார் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"பக்கத்து வூட்ல படம் ஓடி இந்த வூட்ல ஓடலைன்னா, சண்டைய வெலக்க என்னைத்தான் இஸ்துகினு போவானுங்க, சட்டம் போட்டவரா வரப் போறாரு?"

அவங்கவங்க இஷ்டம்

போன வருஷம் நான் பயந்தது நடந்தது. ஒரு பெரிய கம்பெனி குப்பத்துக்குள் வந்தது. டிவி, இன்டர்நெட், போன் மூன்றும் ஒரே ஒயரில். முதல் சில மாதம் இலவசம். வலை பின்னும் கொட்டகைக்குச் சும்மாவே வைஃபை. ஊர் மொத்தமாக வந்தால் இன்னும் சலுகையாம். நாட்டார் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார். குப்பம் போனால் எங்கள் கடைக்குப் பூட்டுதான். என் வீட்டுக்காரர், "எனக்குக் கம்பம் ஏறத் தெரியும், கூட்டம் ஏறத் தெரியாது, நீயே போ" என்று சொல்லிவிட்டார். போனேன்.

கம்பெனி ஆள் சட்டையை டக் செய்துகொண்டு அழகாகப் பேசினார். "நீ இன்னாம்மா சொல்ற?" என்று நாட்டார் என்னைக் கேட்டார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "ஒயரு அறுந்தா நாங்க இங்கியே கீறோம், ஓடியாந்துடுவோம்" என்று மட்டும் சொன்னேன். அது போதவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "அப்ப ஊரு மொத்தமா மாறிக்கலாம்" என்று நாட்டார் சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கன்னியம்மா அக்காவின் குரல் வந்தது. "கடலு ஊருக்குப் பொது, கோயிலு பொது, ஒத்துக்கறேன். டிவி பொட்டி என் வூட்டுது. அதுக்கு எந்த ஒயரு வேணும்னு நான் சொல்றேன், நீ சொல்லாத நைனா." அவ்வளவுதான், மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். கூச்சல் அடங்க நேரமாயிற்று. கடைசியில் நாட்டார் கையைத் தூக்கி, "அவங்கவங்க இஷ்டம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். கன்னியம்மா அக்காவின் காலில் விழுந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா நின்றிருந்தார். ஒரு கையில் மீன் கூடை, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய செட்டாப் பாக்ஸ். ரிப்பேர் போலிருக்கிறது என்று கையை நீட்டினேன். "ரிப்பேரு இல்ல. திருப்பி எடுத்துக்க. அந்தக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். பொத்தேரி காலேஜில படிக்கிற என் பொண்ணுக்கு வூட்ல நெட்டு வேகமா வேணுமாம்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப நேத்து எனக்காகப் பேசினது இன்னாக்கா?" என்று கேட்டே விட்டேன். அக்கா கூடையிலிருந்து சங்கரா மீனை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி, என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உனுக்காக யாரு பேசினா? எனுக்காகப் பேசினேன், அதுல நீயும் பொழைச்சிகினே. மூஞ்சத் தூக்கிக்காத, கொழம்பு வையி."

அக்கா சொன்னது பொய்யில்லை. ஊர் மொத்தமாகப் போயிருக்க வேண்டியது, வீடு வீடாக யோசித்ததில் ஏறக்குறையப் பாதிக் குப்பம் எங்களோடேயே நின்றுவிட்டது. கடையைத் திறந்து வைக்க அது போதும். ஆக, சந்தாதாரர் விருப்பம் என்ற விதி என் பிழைப்பில் பாதியைக் கொண்டுபோனது, மீதியைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அதே விதிதான் என்பதால், அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று யாராவது போனில் கேட்டால், "லைன் சரியில்லீங்க, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுகிறேன்.