சாணி கேஸில் வெந்த விருந்து

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் மூன்று எருமைகளை நம்பி மகளை வளர்த்த கொளஞ்சியம்மாளுக்கு அடுப்புதான் பெரிய தொல்லை. எழுபதுகளில் ஏறத் தொடங்கிய மண்ணெண்ணெய் விலை இறங்கவே இல்லை. ரேஷனில் கிடைப்பது விளக்குக்கே போதாது. பச்சைமலைக்கு விறகுக்குப் போனால் காட்டிலாகா ஆள் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வான். மிஞ்சியது வறட்டி. அதன் புகையில் கண் சிவந்து, இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், சாண எரிவாயுவுக்கு அரசாங்கம் மானியம் தருவதாக பி.டி.ஓ. ஆபீஸில் சொன்னார்கள். மீதிக்கு பேங்க் கடன். கொளஞ்சி அதிகம் யோசிக்கவில்லை. கொல்லையில் குழி வெட்டி, அதன்மேல் இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். சாணியைக் கரைத்து ஊற்றினால் கேஸ் சேர்ந்து டிரம் மேலே எழும்பும். குழாய் வழியாக அடுப்புக்கு வரும். கொஞ்ச நாளில் இருமல் நின்றது.

அப்போதுதான் மகள் மலர்க்கொடியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சம்பந்தத்துக்குச் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சு முடிந்தது.

பக்கத்து வீட்டு அம்சவள்ளி பயமுறுத்தினாள். "சாணியில ஆக்குன சோத்த எவன் திம்பான்? எங்கூட்டு அடுப்புல ஆக்கிக்க."

"நாளைக்குத் தெரிஞ்சா நான் ஏமாத்துனவ ஆயிடுவேன். என் அடுப்புலயே ஆக்குறேன்."

நாலைந்து பேர் என்று சொல்லிவிட்டு ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாயி நேராக அடுப்படிக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சினாள்.

"வாடை அடிக்கும்னாங்களே?"

"நல்லா மோந்து பாருங்கக்கா."

ஆண்டாயி குழம்புச் சட்டியைத் தூக்கி அடியைத் தடவினாள். கையில் கரி ஒட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து நீலத் தீ சுருங்கியது. அத்தனை பேருக்கும் ஆக்கியதில் டிரம் தாழ்ந்துவிட்டது. இரண்டாவது உலை அரைவேக்காட்டில் நின்றது. கொளஞ்சி கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"டிரம்முல பாரம் வச்சா மிச்சக் கேஸு வரும். கல்லுதான் தேடணும்."

"கல்லு எதுக்கு?" ஆண்டாயி வாசலைப் பார்த்துக் கத்தினாள். "டேய் தங்கராசு, இங்க வாடா!"

அவள் தம்பி வந்தார். ஆள் நெல் குதிர் போல இருந்தார்.

"அது மேல ஏறி உக்காரு."

"வெள்ள வேட்டிக்கா!"

"இத்தன வருசமா தின்னதுக்கு இன்னைக்காச்சும் பிரயோசனம் வேணாமா? ஏறுடா."

தங்கராசு ஏறி உட்கார்ந்தார். தீ எம்பியது. வேன் கூட்டமே கொல்லைக்கு வந்துவிட்டது. "மாமா, அசையாதீங்க, சோறு கொழஞ்சிடும்!" என்று மாப்பிள்ளை கத்த, மலர்க்கொடி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

சோறு பதமாக வெந்தது. முதல் இலையில் உட்கார்ந்தவள் ஆண்டாயி. பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள்.

"கை நனைச்சாச்சு. கல்யாணத்தத் தையில வச்சுக்கலாம். எங்கூட்டுலயும் நாலு மாடு நிக்குது. மானியத்துக்கு யாரப் பாக்கணும்?"

"சொல்றேன் சம்பந்தி. மொதல்ல ரசம் ஊத்திக்கங்க. அவர எறங்கச் சொல்லுங்க, சோறு ஆறுது."