கிணற்றுக்குப் போன லைஃப் ஜாக்கெட்

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் என் வலது கை தானாக இருக்கைக்கு அடியில் போய்விடும். அங்கே ஒரு துணி உறை இருக்கும். விரல் நுனியால் அதன் வாயைத் தடவி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பொட்டலத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொள்வார்கள். இப்போது அதைச் சோதிப்பது என் வேலை இல்லை. பம்பாயில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த சோதனைகளைப் படித்துப் பார்க்கும் வேலை. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்த கையோடு பீளமேட்டு விமான நிலையத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். எனக்கு இன்ஜின் பக்கம் போக ஆசை. கிடைத்தது பயணிகள் பகுதியின் அவசரகாலச் சாமான்கள். தீயணைப்பு உருளையின் முள் பச்சைக்குள் நிற்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் சரியா, டார்ச் எரிகிறதா, முதலுதவிப் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்காகக் கதவோரம் சுருட்டி வைத்த சறுக்குப் பாயில் காற்று மானி என்ன சொல்கிறது, கடைசியாக ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. பயணிகள் போய், கூட்டிப் பெருக்குகிற பெண்களும் இறங்கிய பிறகு, அந்த நீண்ட குழாய் போன்ற அறையில் நான் மட்டும் குனிந்து குனிந்து நடப்பேன். ஒருநாளும் பயன்பட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, பயன்படும்படி வைத்திருக்க வேண்டிய பொருள்கள். அந்தத் தனிமை எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். வீட்டிலும் அப்படித்தான் பழகியிருந்தேன்.

வீடு துடியலூரில். அம்மா நான் பள்ளியில் இருக்கும்போதே இறந்துவிட்டாள். அப்பாவும் நானும் மட்டும். அப்பா மோட்டார் ஃபிட்டர். தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கிணறுகளின் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் கால் வைத்து இறங்கி, தண்ணீருக்குச் சற்று மேலே உள்ள மேடையில் குந்தி அவர் வேலை செய்வார். வேலை முடிந்தால் மிச்சமான போல்ட், வாசர் எல்லாவற்றையும் தாளில் மடித்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். பிறர் வீட்டு வாசரை ஊட்டுக்குக் கொண்டாந்தா ராத்திரி தூக்கம் வராது என்பார். அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. அவர் பல்லடம் பக்கத்து வறண்ட காட்டில் வளர்ந்தவர். அங்கே கிணறு என்றால் தண்ணீரில்லாத ஆழமான பள்ளம், அவ்வளவுதான். தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குக் கால் கூசும் என்றும், அதை வெளியே சொன்னால் எந்தத் தோட்டத்துக்காரனும் கூப்பிட மாட்டான் என்றும் அம்மா சொன்னாள். ஐப்பசி மழையில் கிணறுகள் ஏறும் மாதங்களில் அவர் வீடு திரும்பும் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை நான் புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, ஊழியர் குடும்பத்துக்கான டிக்கெட்டில் அப்பாவை மெட்ராஸுக்கு அனுப்பினேன். உறவில் ஒரு கல்யாணம். திரும்பி வரும் விமானத்தில் பதினான்காம் வரிசையில் ஜன்னலோரம் கேட்டு வாங்கியவளும் நான்தான். விமானம் வந்து நின்றபோது தரையில் நின்றிருந்தேன். இறங்கியதும் என்னைத் தேடுவார், மேகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரெக்ஸின் பையை மார்போடு அணைத்தபடி படியிறங்கி, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கூட்டத்தோடு வேகமாக வெளியே போய்விட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளே ஏறி, வழக்கம்போல முன்வரிசையிலிருந்து கைவிட்டுக்கொண்டே வந்தேன். பதினான்காம் வரிசை ஜன்னலோரத்தில் உறை தட்டையாக இருந்தது. மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் இருக்கை, பின் இருக்கை, மேலே பை வைக்கும் இடம் எல்லாம் பார்த்தேன். பார்க்கும்போதே அது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெக்ஸின் பை ஏன் அத்தனை உப்பியிருந்தது என்பதும்.

எங்கள் சீஃப் உக்கடத்துக்காரர். பாதி வேலையைக் கிண்டலிலேயே முடிப்பவர். ஜாக்கெட் காணாமல் போவது புதிதல்ல. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க என்று பயணிகள் எடுத்துப் போய்விடுவதுண்டு. "கடல்ல உளுந்தா மெதக்கறதுக்குக் குடுத்தா, இவங்க தோட்டத்துக் கெணத்துக்குக் கொண்டு போயர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே மாற்று ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிப் பொருத்திவிட்டு வந்து, அது என் அப்பாவின் இருக்கை என்று சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அதைக் கொண்டு வந்தாலும் மறுபடி விமானத்தில் வைக்க முடியாது, உறை பிரித்து வெளியே போன பொருளை நம்ப முடியாது, வெட்டித்தான் போட வேண்டும் என்றார். பிறகு, "கொண்டாரச் சொல்லிக் கேளும்மா. கேக்க முடியலீன்னா அதையும் வந்து சொல்லு" என்றார்.

அன்று மாலை அப்பா மெட்ராஸ் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். விமானம் திரும்பும்போது பூமி சாய்ந்ததைச் சொன்னார். நான் ரசம் ஊற்றினேன். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதற்குள் மூன்று விஷயங்கள் இருந்தன. நீங்கள் எடுத்தீர்கள், உங்களுக்குப் பயம், அந்தப் பயம் எனக்குத் தெரியும். மூன்றாவதை அவரால் தாங்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் சீஃபிடம் போய்க் கேட்க முடியவில்லை என்றேன். அவர் நடந்ததை நடந்தபடி மேலே எழுதி அனுப்பினார். என் குடும்ப டிக்கெட் சலுகை நிறுத்தப்பட்டது. அப்பா அதற்குப் பிறகு விமானப் பேச்சையே எடுக்காததால், அதை அவரிடம் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, மிக்ஸியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேடி அவருடைய சாக்குப்பையில் கைவிட்டபோது, கிரீஸ் துணிகளுக்கு அடியில் அந்த மஞ்சள் என் கையில் பட்டது. பொட்டலம் பிரிந்து, தப்பும் தவறுமாக மடித்திருந்தது. வார்கள் சிவப்புக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இப்படி இருந்தால் இழுக்க வேண்டிய நேரத்தில் இழுபடாது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அதை விரித்தேன். தையல் ஓரங்களைப் பார்த்தேன். வாயால் ஊதும் குழாயைப் பார்த்தேன். விரல் நீளமுள்ள கரியமில வாயுச் சிலிண்டரைக் கழற்றி, அதன் வாயிலுள்ள தகடு ஓட்டை விழாமல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கினேன். கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஓர் ஊசி அந்தத் தகட்டைக் குத்தி, வாயு ஜாக்கெட்டை உப்பவைக்கும். பிறகு விமானத்தில் இருப்பதுபோலவே மடித்து, கைப்பிடி வெளியே தெரியும்படி வைத்தேன். வெட்டிப் போடப்படுவதைவிட அது இங்கே இருக்கட்டும் என்று அப்போது நினைத்தேன்.

அதன்பின் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதைச் சோதிப்பது என் பட்டியலில் சேர்ந்துகொண்டது. எழுதாத பட்டியல். ஒவ்வொரு முறையும் அது நான் மடித்த மடிப்பிலேயே இருக்கும். ஒருமுறை மட்டும் சட்டைக்குள் போட்டுக் கழற்றிய அடையாளமாக வியர்வை உப்பு பூத்திருந்தது. ஆனால் மடிப்பு என் மடிப்பு. அவர் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர், சாக்குப்பைக்குள் வைத்து ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். மற்றபடி சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு வருடம் ஆடியில் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்தபோது பித்தான்கள் எல்லாமே கறுப்பு நூலில் புதிதாகத் தைத்திருந்ததைப் பார்த்தேன். காக்கி நூல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று காயப் போட்டுவிட்டேன். மானியின் முள் ஒரு கோடு நகர்ந்தாலும் பார்த்துவிடும் கண் என்று பெயர் வாங்கியவள் நான்.

புரட்டாசியில் ஜாக்கெட்டை எடுத்தேன். மடிப்பு சரியாக இருந்தது. சிலிண்டரைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. கழற்றினேன். தகட்டின் நடுவில் ஊசி குத்திய ஓட்டை. யாரோ கைப்பிடியை இழுத்திருக்கிறார்கள். ஜாக்கெட்டை மறுபடி மடிக்கவில்லை. விரித்தபடியே அவருடைய கட்டிலின்மேல் வைத்துவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

அப்பா வந்தார். கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு கூப்பிட்டார். போய்க் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், ஜாக்கெட்டின் வாரை நீவிக்கொண்டே சொன்னார்.

"தொண்டாமுத்தூர்த் தோட்டத்துல, படி வழுக்கிருச்சு கண்ணு. தண்ணி தலைக்கு மேல போயிருச்சு. அந்தச் செவப்புக் கைப்புடியப் புடிச்சு இழுத்தேன். பித்தானெல்லாம் தெறிச்சுது."

தோட்டத்துக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க மோட்டார்க்காரரே, எறங்கறப்ப ஒல்லியாத்தானுங்க இருந்தீங்க" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அப்பா கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏனுங்கப்பா எங்கிட்டச் சொல்லலீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்த முகம்.

"நீ கேக்கலியே அம்மணி."

அதற்குப் பிறகு அவர் கிணற்றில் இறங்கவில்லை. ஆழ்குழாய்கள் பெருகிவிட்டிருந்தன. அவற்றின் மோட்டாரை மேலேயே நின்று தூக்கிவிடலாம். ஜாக்கெட்டைத் தாளில் சுற்றி, வாசர்களை மடித்துக் கொடுப்பதைப் போலவே மடித்து, அதன் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடச் சொன்னார். சீஃப் அதைப் பிரித்து, ஓட்டை விழுந்த தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை செஞ்சிருக்குதே" என்றார். நாங்கள் இருவருமே வேலை செய்த ஜாக்கெட் ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு கத்திரியை எடுத்து, சொன்னபடி வெட்டினார்.

எனக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. அப்பா உடன் வர மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மளிகைக்கடைக்குத் தொலைபேசியில் பேசுவேன். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மாத்திரை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நெஞ்சு வலிக்கிறதா என்பது என் வரிசையில் இல்லை. ஒரு மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார். வெகுநாளாகவே சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி நிற்பார் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வீட்டைப் பார்த்துவர வருடத்துக்கு ஒருமுறை கோவைக்கு வருகிறேன். முடிந்தால் பதினான்காம் வரிசையில் நடு இருக்கையைக் கேட்டு வாங்குகிறேன். பெல்ட் போடுவதற்குமுன் குனிந்து என் இருக்கைக்கு அடியில் கைவிடுகிறேன். ஜன்னலோரத்து இருக்கை காலியாக இருந்தால், அதன் அடியிலும். உறை கனமாக இருக்கிறது. நிமிர்ந்து, அந்த இருக்கையின் பக்கம் திரும்பி, என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது விமானம் நகரத் தொடங்கிவிடுகிறது.