சாமியார் வெளியே வரும் மண்டபம்

அலெக்சாண்டர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பிறந்த புக்கிட் செரை தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபின் முப்பது வருடம் பழ லாரி ஓட்டியதற்குத் தேய்ந்த முதுகெலும்புதான் மிஞ்சியது. அம்பாங்கானில் நாலாவது மாடி வீடு, மகள் எல்சியின் பெயரில். அவருக்கென்று இருந்தது டவுன் கோயிலின் தெற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தோட்டத்து மண்டபம்.

தூய செபஸ்தியார் ஆலயத்துக்கு நூற்றிருபது வயது. பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் வரைந்து கட்டியது. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். உள்ளே கூரை, கவிழ்த்துப் போட்ட படகின் வயிறு மாதிரி வளைந்து கிடக்கும். பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சன்னலில் கப்பலில் வந்த வண்ணக் கண்ணாடி. காலைப் பூசையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் பீடத்தில் இறங்கும் என்பார்கள். என்பார்கள்தான். அலெக்சாண்டர் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, பெயிண்ட் அடித்தபோது ஏணி பிடிக்க உள்ளே போனார். அன்றைக்குச் சன்னலைக் கேன்வாஸ் போட்டு மூடியிருந்தார்கள்.

மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். சுவருக்கு நேர் எதிரே, கோயிலுக்குள், இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண். தோட்டத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து இறங்கி, மண்டபத்தில் உட்கார்ந்து, அந்தத் தூணைப் பார்த்துத்தான் பூசை கண்டார்கள். நற்கருணை கொடுக்கச் சாமியார் சுவரருகே வருவார். செத்தால் பெட்டியை மண்டபத்தில் இறக்கிவைப்பார்கள். சாமியார் வெளியே வந்து மந்திரித்து அனுப்புவார்.

"டவுன்காரன் பொணம் சாமியாரத் தேடிக்கிட்டு உள்ள போவணும். நம்ம பொணத்துக்குச் சாமியாரே வெளிய வருவாரு. யாருக்குடா இந்த மரியாத கெடைக்கும்?" அவருடைய அப்பா சொன்னது. தோட்டம் முழுக்க அப்படித்தான் நம்பியது. அந்தத் தூண்தான் கோயிலையே தாங்குகிறது, அதனால்தான் நம்மை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அலெக்சாண்டர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்.

அவர் மனைவி பஞ்சாலை மட்டும் நம்பவில்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். எந்தப் பெயர் வைத்தும் ஒட்டாமல் பஞ்சாலையாகவே இருந்தாள். "அந்தக் கலர் கண்ணாடிய ஒரு தடவ பாக்கணும்ங்க. இந்தத் திருவிழாவுக்கு நடு வாசல்ல போவமா?" என்று வருடா வருடம் கேட்பாள்.

"நமக்குன்னு எடம் இருக்கும்போது அங்க போயி எவன் முதுகுக்குப் பின்னாடி நிப்ப? பேசாம ஒக்காரு."

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் செத்துப்போனாள். அதற்குள் மண்டபத்தில் உட்காரும் வழக்கமெல்லாம் போய்விட்டது; எல்லாரும் எல்லா வாசலிலும் நுழைந்தார்கள். அன்றைக்குச் சரியான மழை. சாரல் பெட்டியை நனைத்தது. "உள்ள தூக்கிட்டுப் போவோம்பா, ஃபாதரே கூப்புடுறாரு," என்று எல்சி அழுதாள். அலெக்சாண்டர் அசையவில்லை. "எங்கப்பன், என் தாத்தா எல்லாம் இங்கேருந்துதான் போனாங்க. ஒங்கம்மா மட்டும் என்னா கொறச்சல்?" சாமியார் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அலெக்சாண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

போன வருடம் கோயிலைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் புனிதன், இளம் இஞ்சினியர். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: தெற்கு மண்டபம் பிற்காலத்தில் ஒட்டியது, சிலுவை வடிவத்தைக் கெடுக்கிறது, இடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அலெக்சாண்டர் உளியோடு போய் நின்றார். மண்டபம் கோயிலோடு சேரும் மூலையில் ஒரு முழம் சுண்ணாம்பைத் தட்டி உதிர்த்தார்.

"அங்கிள், என்னா செய்றீங்க! இது ஹெரிடேஜ் பில்டிங் லா!" புனிதன் ஓடிவந்தார்.

"இடிக்கப்போறேன்னு சொன்னது நீங்க, தம்பி. நான் சொரண்டத்தான் செய்றேன். வந்து பாருங்க. பிற்பாடு ஒட்டுன செவுருன்னா நடுவுல கோடு இருக்கணும்ல? இது பல்லும் பல்லுமா கோத்துக் கெடக்கு. செங்கல்ல முத்திரை பாருங்க, அங்க உள்ளதேதான் இங்கயும். ஒரே நாள்ல எழுப்புனது."

புனிதன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்கிள், நீங்க இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்."

"லாரிக்கு அடியில படுத்துப் படிச்சேன்."

புனிதன் நேர்மையான ஆள். மறைமாவட்டக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டார். ஆறு மாதம் கழித்து மூல வரைபடத்தின் நகல் வந்தது. அலெக்சாண்டரையும் எல்சியையும் கூப்பிட்டனுப்பி மேசைமேல் விரித்தார். சிலுவை, தூண்கள், சன்னல்கள்; தெற்கே பிசகில்லாமல் மண்டபம்.

"ஜெயிச்சிட்டீங்க அங்கிள். இனிமே ஒரு கல்லையும் யாரும் தொட முடியாது."

அலெக்சாண்டர் வரைபடத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மண்டபத்தைச் சுட்டி ஒரு கோடு போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ்.

"இது என்னா எழுதியிருக்கு?"

புனிதன் சன்னல் பக்கம் பார்த்தார். எல்சி மனசுக்குள் வாசித்தாள், வாசித்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டப் போனாள்.

"படிம்மா. என்னா, கெட்ட வார்த்தையா?"

"'தோட்டக் கூலிகளுக்கான இடம்'னு போட்டிருக்குப்பா." அவள் குரல் தட்டையாக இருந்தது. "'ரப்பர் பால் நாத்தம் சபைக்குத் தொந்தரவு. நடுவுல செவுரு வைக்கணும். பீடம் அவங்க கண்ணுல படாம, சபைக்காரங்க கண்ணுல அவங்க படாம, தூண பெருசாக் கட்டணும். அவங்க பொணத்த உள்ள கொண்டார விடக்கூடாது.'"

அலெக்சாண்டர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

எல்சி அவரை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நாலு மாடியும் ஏறி மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள். "அம்மா மழையில கெடந்தாங்கப்பா." அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் புனிதனிடம் போனார். "தம்பி, இடிச்சிருங்க."

"அங்கிள், இப்ப முடியாது. ஒரிஜினல்னு ரிப்போர்ட் போயாச்சி. நீங்கதான புரூஃப் காட்டுனீங்க!"

"அப்ப அந்த நாலு வரிய அப்படியே கல்லுல வெட்டி வையுங்க. வர்றவன் படிக்கட்டும்."

புனிதன் கைப்பேசியை உருட்டினார். "கமிட்டியில வேற மாதிரி முடிவு பண்ணிட்டாங்க. டூரிஸ்ட்லாம் வருவாங்க, ஒரு நல்ல விஷயமா இருக்கட்டும்னு." குழு ஏற்றுக்கொண்ட வாசகத்தைக் காட்டினார்: 'தோட்டத் தொழிலாளர்களுக்காக அன்புடன் எழுப்பப்பட்ட மண்டபம்.' "திருவிழா அன்னிக்கி நீங்கதான் தெறந்து வைக்கிறீங்க. ஒங்க பேரும் கீழ வருது."

"எம் பேரா?"

"மண்டபத்தக் காப்பாத்துனவர்னு."

அலெக்சாண்டருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாறும்வரை சிரித்தார்.

திருவிழாக் காலையில் மண்டபத்துக்கு வெளியே பந்தல். கல்லின்மேல் மஞ்சள் துணி. ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்நேரம் அலெக்சாண்டர் நடு வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார். கக்கத்தில் பஞ்சாலையின் படம், சுவரில் மாட்டியிருந்த மாலையோடு. யாரோ "அங்கிள், ஃபங்ஷன் அந்தப் பக்கம்," என்றார்கள். அவர் நிற்கவில்லை. முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, படத்தை மடியில் நிமிர்த்திப் பீடத்தைப் பார்க்க வைத்தார். எல்சி பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் உண்மையிலேயே சிவப்பும் நீலமுமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தின் கண்ணாடியில் பட்டு, பஞ்சாலையின் முகமே தெரியாமல் கூசியது. அலெக்சாண்டர் படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

வெளியே மூன்றாவது தடவையாக அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, துணியை வேறு யாரோ இழுத்தார்கள் போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. அவர் திரும்பி மண்டபம் இருந்த பக்கம் பார்த்தார். அங்கிருந்து பார்க்க ஒன்றுமில்லை. தூண் மறைத்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.