பின்சீட்டில் மூன்று வாய்

வலது கை பின்சீட்டின் இடுக்குக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. உட்காரும் மெத்தைக்கும் முதுகு சாயும் மெத்தைக்கும் நடுவில் விரல்கள் தடவிக்கொண்டே நகர்ந்தன. ஒரு பேனா மூடி அகப்பட்டது. மக்கிப்போன ஒரு பஸ் டிக்கெட். பிறகு கெட்டியாக ஒன்று. விரல்கள் அதை விடாமல் பிடித்து மேலே இழுக்க, கறுப்பு நாடாவின் நுனியில் சீட் பெல்ட்டின் பக்கிள் வெளியே வந்தது. கட்டைவிரல் அதன் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தது. அசையவில்லை. உள்ளே தூசி அடைத்திருந்தது. இடது கை ஒரு பழைய பல் பிரஷ்ஷை எடுத்தது.

பக்கிள் சுத்தமானதும் ரெக்ஸின் உறையை அதன்மேல் விரித்து, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டின் இரு முனையிலும் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. வெட்டு அதைத் தாண்டி ஓடக்கூடாது. கத்தரி மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டியது. வெட்டிய ஓரங்களை உள்பக்கமாக மடித்து, அடியில் ஒரு துண்டு கித்தான் வைத்து, மெஷினில் இரட்டைத் தையல். சட்டைக்குக் காஜா எடுப்பது போன்ற வேலைதான். சட்டையில் காஜா பிசகினால் பொத்தான் போட முடியாது, அவ்வளவுதான்.

இந்தக் கைகள் முப்பது வருஷமாக இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துவந்தவை.

ஒர்க்‌ஷாப் தெருவில் அவரை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தைக்கும் கார் சீட்டு இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். எங்கேயும் ஒரு மடிப்பு, ஒரு தொய்வு கிடையாது. "சீட்டுக்கெல்லாம் போடுறியே, உன் சட்டைக்கு எப்பய்யா போடப்போற?" என்று பக்கத்துக் கடைப் பெயிண்டர் தினமும் ஒரு தடவையாவது கேட்பார். அது கேட்காவிட்டால் தெருவில் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

யாரிடமும் உட்கார்ந்து கற்றவர் அல்ல. பதினேழு வயதில், எடைக்குப் போட்டிருந்த ஒரு காரின் சீட்டை வாங்கிவந்து, தையல் தையலாகப் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று எண் எழுதிவைத்து, மறுபடியும் தைத்தார். நான்கு தடவை பிரித்துத் தைத்தார். ஐந்தாவது தடவைதான் அது சரியாக உட்கார்ந்தது. தையல் எங்கே சுமை தாங்கும், எங்கே விட்டுவிடும் என்பதெல்லாம் அந்த ஒரு சீட்டில் தெரிந்துகொண்டதுதான்.

அவருடைய கண்ணுக்குப் பின்சீட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று பக்கிள்களும் நல்ல முகத்தில் வந்த பரு மாதிரி. பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் பெல்ட் போடுவதில்லை. முதுகில் குத்துகிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் மூன்றையும் உள்ளே தள்ளிவிட்டு, உறையை இழுத்துப் பிடித்து, இடுக்கே தெரியாமல் மூடித் தைத்துவிடுவார். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. வண்டியை எடுக்க வருகிறவர் பின்கதவைத் திறந்து கையால் ஒரு தடவு தடவி, "அடடா, வெண்ணெய்யா இருக்கே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக முப்பது வருஷம்.

தைத்து முடித்த சீட்டில் முதலில் உட்காருவது அவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மதியம் சாப்பாடு கொண்டுவரும்போது எந்த வண்டி முடிந்து நிற்கிறதோ அதில் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்ந்து, இரண்டு குதி குதித்துவிட்டு மார்க் சொல்லுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த பழக்கம், மகள் பிறந்து வளர்ந்த பின்னும் விடவில்லை. ஏழு, ஏழரை, எட்டு. பத்துக்குப் பத்து எந்தச் சீட்டுக்கும் கிடைத்ததில்லை.

அவள் புருஷன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சொந்தமாக வண்டி வாங்கியபோது, இஸ்திரி ஒரு வாரம் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு வெண்ணெய் நிற ரெக்ஸினில் தைத்துக் கொடுத்தார். தங்கை ஏறி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள்.

"ஒன்பதரை."

"மீதி அரை எங்க போச்சு?"

"அதையும் குடுத்துட்டா நீ தலைகால் தெரியாம ஆடுவ. அடுத்த வண்டிக்குப் பார்க்கலாம்."

மாப்பிள்ளையைப் போல நிதானமாக ஓட்டுகிறவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. வண்டியை ஒரு சுற்று சுற்றி, நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவார். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு வண்டி நுழைகிற அளவுக்கு இடம் விடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். "இவரோட போறதுக்கு நடந்தே போயிடலாம்" என்று தங்கை சொல்லுவாள். "ஆனா நடந்தா கால் வலிக்குமே, அதுக்காகப் பொறுத்துக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், முன்சீட்டில் ஒரு பெரியவரையும் பின்சீட்டில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னால் போன சரக்கு வேன் நடுரோட்டில் நின்றது. அதில் பிரேக் விளக்கு எரியவில்லை. அவர் மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் மோதியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பெல்ட் போட்டிருந்த பெரியவருக்குத் தோளில் கன்றிப்போனது. மாப்பிள்ளைக்கு மார்பில் ஒரு கோடு. பின்சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு இஸ்திரி தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி மதிலோரம் நின்றது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பின்சீட்டில் ஒரு தையல்கூட விடவில்லை. கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். இடது ஓரத்தில், இடுக்கு மூடியிருந்த இடத்தில், தையல் ஓரம் கட்டிய பைப்பிங் நாடா ஓரங்குலம் மேலே இழுபட்டிருந்தது. அதையொட்டி ரெக்ஸினில் இரண்டு நகக்கீறல்கள். உள்ளே யாரோ விரலை நுழைக்கப் பார்த்திருக்கிறார்கள். நுழையவில்லை. அவருடைய விரலும் நுழையவில்லை. கத்தியால் அறுத்துத்தான் உள்ளே கைவிட முடிந்தது. பக்கிள் அங்கே கிடந்தது, புதுசாக, ஒரு நாளும் உபயோகிக்காத பளபளப்போடு.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

இரண்டு மாதம் கடை பூட்டிக்கிடந்தது. திறந்த அன்றைக்கு மெஷின் முன்னால் உட்காரவில்லை. கத்தரியும் கித்தான் துண்டுகளும் பெரிய ஊசியும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார். தான் தைத்த வண்டிகளைத் தேடித் தேடி, பின்சீட்டைப் பிரித்து, பக்கிள்களை வெளியே எடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கையால் ஓரம் தைத்தார். சும்மாதான் செய்கிறேன் என்றதும் டிரைவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன இஸ்திரி, உள்ள ஏதாவது நகையை ஒளிச்சு வெச்சுத் தைச்சிட்டியா?"

"ஆமாம்பா. எந்த வண்டின்னு மறந்துபோச்சு. அதான் எல்லாத்தையும் பார்க்கறேன்."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். அப்படி எண்பத்து மூன்று வண்டிகள் ஆயின. மீதி எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டு ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை அடுக்கப் போனார். "நான்தான் கொன்னேன்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்ளும்போதும் இரண்டு பேரும் எதையாவது பேசி எதையோ தாண்டிப் போய்விடுவார்கள்.

போன புதன்கிழமை ஒரு பழைய கார் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளையின் மகள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"வாங்க மாப்ள. என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

"மூட்டை தூக்கினா இளைக்காம? நீங்க மட்டும் என்ன மச்சான், உங்க மெஷின்தான் உங்களைவிடக் கொஞ்சம் பூசினாப்புல இருக்கு."

விஷயத்தை மகள்தான் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. நிதானமாக ஓட்டுகிற ஆள். "அப்பாவைத் தவிர யாரையும் எனக்குத் தெரியல மாமா. நாலு மாசமா கெஞ்சி இப்பத்தான் சரின்னாரு." திங்கட்கிழமை முதல் சவாரி. பின்சீட்டில் மூன்று பேர்.

மகள் போன பிறகு மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், ஒண்ணே ஒண்ணு. அந்த வண்டிக்குத் தைச்ச மாதிரியே தைச்சுக் குடுங்க. அதே நிறம். அதே மாதிரி இடுக்கு தெரியாம. அவ ஒன்பதரை போட்டது அது ஒண்ணுக்குத்தானே."

"நிறம் கிடைக்கும்" என்றார் இஸ்திரி. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார்.

மூன்று நாளாகத் தைக்கிறார். ரெக்ஸின் அதே நிறம்தான். இடுக்கை மூடப்போவதில்லை. அதற்கு என்ன காரணம் சொல்வது? மாப்பிள்ளை கேட்டது ஒன்று, செய்தது வேறொன்று என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு தங்கையின் வீட்டு வாசலில் கால் வைக்க முடியுமா, மகளாக நினைத்து வளர்த்த பெண் மாமா என்று கூப்பிடுவாளா? பாதி விஷயத்தை மறைத்து யோசனை கேட்டதற்குப் பெயிண்டர் சுலபமாக ஒரு வழி சொன்னார்: "சட்டம் மாறிப்போச்சு, மூடித் தைக்கக் கூடாதுன்னு சொல்லிடு. யாரு போய்ப் பார்க்கப்போறா?" நல்ல வழிதான். நாக்கில் தயாராக வைத்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு வாய் தைத்து முடித்து மூன்றாவது வாய்க்கு வெட்டும்போது வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மேஜைமேல் கிடந்த உறையை எடுத்து, தைத்த வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன மச்சான்?"

"பக்கிளுக்கு வாய்."

"அந்த வண்டில இது இல்லையே."

"இல்ல. இப்ப சட்டம்..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் விரல் இன்னும் அந்த வாய்க்குள்ளேயே இருந்தது. இஸ்திரி கத்தரியைக் கீழே வைத்தார்.

"சட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வண்டில மூணு பக்கிளையும் நான்தான் உள்ள தள்ளி மூடித் தைச்சேன் மாப்ள. பார்க்க நல்லா இருக்கும்னு. ஸ்டேஷன்ல போய்ப் பார்த்தேன். பைப்பிங் இழுத்திருந்துச்சு. நகக்கீறல் இருந்துச்சு. அவ தேடியிருக்கா. என் தையல் விடல."

மாப்பிள்ளை ஃபோம் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். பக்கத்துக் கடையில் ஸ்ப்ரே அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பின்னால நோண்டுற சத்தம் கேட்டுச்சு. 'எங்கண்ணன் இதையும் சேர்த்துத் தைச்சுட்டான் போல, அரை மார்க் குறைச்சது சரிதான்'னு சிரிச்சா. நான் என்ன சொன்னேன் தெரியுமா மச்சான்? 'விடு, பத்து நிமிஷம்தானே'ன்னேன். ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் பார்த்திருக்கலாம். டயரையெல்லாம் தட்டிப் பார்க்கிறவன், அதைப் பார்க்கல."

இஸ்திரி மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மெஷின்ல உட்கார மாட்டீங்க. நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க இந்த வாசலை மிதிக்க மாட்டீங்க."

மாப்பிள்ளை கையிலிருந்த உறையை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப எதுக்கு மாப்ள அதே மாதிரி வேணும்னு கேட்டீங்க?"

"எனக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அப்படிக் கேட்டா நீங்களே ஆரம்பிப்பீங்கன்னு பார்த்தேன். ஒருவேளை மூடியே தைச்சிருந்தா..." சட்டைப் பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பிளேடை எடுத்துக் காட்டினார். "நானே வெட்டிக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன்."

"பிளேடால வெட்டினா ஓரம் பிரிஞ்சுடும்" என்றார் இஸ்திரி. சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தோளைத் தொடவில்லை. இரண்டு பேரில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

மூன்றாவது வாயை இரண்டு பேருமாகச் சேர்ந்து முடித்தார்கள். இஸ்திரி தைக்க, மாப்பிள்ளை கித்தான் நகராமல் பிடித்துக்கொண்டார். உறையை மாட்டியபோது மாப்பிள்ளை பக்கிள்களை ஒவ்வொன்றாக வாய்வழியே இழுத்துவிட்டார். நடு வாயைச் சுற்றி ரெக்ஸின் கொஞ்சம் சுருங்கி நின்றது. இஸ்திரி உள்ளங்கையால் நீவினார். மறுபடியும் சுருங்கியது. அப்படியே விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை பின்கதவைத் திறந்து இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக, தைத்து முடித்த சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து பார்க்க அந்தக் கடையில் யாரும் இருக்கவில்லை. பெல்ட்டை இழுத்து, கீழே பார்க்காமலே கையை இறக்கினார். கிளிக். கழற்றிவிட்டு நடுவுக்கு நகர்ந்தார். கிளிக். வலது கோடிக்குப் போனார். கிளிக். இஸ்திரி மார்க் கேட்கவில்லை.

மாப்பிள்ளை இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நான்கு டயரையும் காலால் தட்டினார். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து, பக்கிள்கள் வெளியே இருக்கின்றனவா என்று மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"மூணு சத்தம் கேட்ட பிறகுதான் சாவி போடணும் மாப்ள."

"கேட்காம போட மாட்டேன்."

இஸ்திரி சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, சாக்பீஸ் தூள் போகச் சட்டையில் துடைத்து, அவர் கையில் வைத்தார்.