சொரசொரப்பு

கதவைத் திறப்பதற்கு முன் அவர் அதோடு கை குலுக்குகிறார். கைப்பிடியை உள்ளங்கை நிறையப் பிடித்து, கட்டைவிரலால் அதன் முதுகை ஒருமுறை தடவி, ஒரு கணம் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் மோதிக்கொள்வார்கள். "இவன் சரியில்ல. சிரிச்சிக்கிட்டே காலை வாருற ஆளு," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். பேருந்துக் கம்பிக்கும் இந்தக் கதிதான். வங்கியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் பேனாவை அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாவம், உன்னை யாருமே நம்பலயா?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் அவருக்குச் 'சொரசொரப்பு' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவரே தொலைபேசியை எடுத்து, "ஆமா, சொரசொரப்புதான் பேசுறேன், சொல்லுங்க," என்றாராம். அதோடு அந்தப் பெயரில் இருந்த கிண்டல் செத்துப்போய் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஐம்பதை ஒட்டிய வயதுப் பெண்மணி. பொருள் வடிவமைப்புப் படித்தவர். மருத்துவமனைச் சாமான்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. கட்டிலின் பக்கக் கம்பி, சக்கர நாற்காலியின் பிடி, மருந்து ஊற்றிக் கொடுக்கும் குவளை என்று, படுத்திருப்பவர் கையில் படப்போகிற எதுவும் முதலில் அவர் கையில் பட்டாக வேண்டும். மேசை இழுப்பறை நிறைய ரப்பரும் பிளாஸ்டிக்கும் உலோகமுமாகத் துண்டுகள் கிடக்கும். எதற்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. தொட்டால் விடாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பருக்குப் 'புது மாப்பிள்ளை'. பிடி கொடுக்காமல் வழுக்கும் பிளாஸ்டிக்குக்கு 'மேடைப் பேச்சாளர்'. எப்போது தொட்டாலும் சில்லென்று இருக்கும் எஃகுக்குப் 'பெரிய டாக்டர்'.

"ஒரு பொருளைக் கையில குடுக்கிறதுங்கிறது ஒரு வார்த்தை சொல்ற மாதிரி," என்பார். "ஊதினா பறக்கிற குவளையைக் குடுத்தா, 'நீ கீழ போட்டுடுவ, உனக்கு இது போதும்'னு சொல்றோம். கொஞ்சம் கனமா, அடி அகலமா இருக்கிறதைக் குடுத்துப் பாருங்க. நடுங்குற கைகூட நிமிர்ந்து பிடிக்கும். மரியாதை குடுத்தா வாங்கிக்கத் தெரியாதா மனுஷனுக்கு?"

வீட்டில் இந்தப் பேச்சு செல்லுபடியாவதில்லை. மகள் அவரோடு துணிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "கலரே பாக்க மாட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு விரல்ல தேய்ச்சிட்டு, 'இது பொய் பேசுது, வேற காட்டுங்க'ன்னு கடைக்காரர்கிட்டயே சொல்றாங்க. மானமே போகுது." கணவர் இன்னும் ஒரு படி மேலே. "பொண்ணு பாக்கப் போனப்ப என் கையைத்தான் உத்துப் பார்த்தா. என் மூஞ்சியைப் பார்த்தாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்." அதற்குச் சொரசொரப்பின் பதில்: "பார்த்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

நான் அவரை முதலில் பார்த்தது மருத்துவமனையில். என் அண்ணன் அங்கே படுத்திருந்தான். எழுந்து வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். ஒரு மதியம் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் துணிப்பையுமாக ஓர் அம்மாள் வந்து, "உங்க கையை மட்டும் கொஞ்ச நேரம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அண்ணன் கையை நீட்டினான். "ஜோசியமா? நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம். ஆயுள் ரேகையை மட்டும் விட்டுடுங்க."

அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. "ரேகை எனக்கு வேண்டாம். பிடி வேணும்," என்று பையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். செவிலியரை அழைக்க நோயாளி பிடித்துக்கொள்ளும் சின்னக் கருவி அது. உச்சியில் ஒரு பொத்தான், அடியில் ஒரு கம்பி. அந்த வார்டில் சோதனைக்காகச் சில கட்டில்களில் மட்டும் அதைப் பொருத்தியிருந்தார்கள். அவர் செய்த முதல் மாதிரி அது. மெத்தென்ற ரப்பர், மெத்தென்ற பொத்தான், சத்தமே கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கலையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது.

நாலைந்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது அண்ணன் அதைக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தான்.

"ஏன், பிடிக்கலயா?"

"செத்த மீனோட வாலைப் பிடிச்ச மாதிரி இருக்கு மேடம்."

"சரி. அப்புறம்?"

"அழுத்தினேனா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. தெரியலன்னு திரும்பத் திரும்ப அழுத்துவேன். சிஸ்டர் வந்து, 'ஒரு தடவை அடிச்சா பத்தாதா?'ன்னு கத்துவாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. அப்புறம் விட்டுட்டேன். வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. கூப்பிட்டோமா, வருவாங்களான்னு முழிச்சிட்டுக் கெடக்கிறதுக்கு, கூப்பிடாமலே கெடக்கலாம்."

சொரசொரப்பு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். அண்ணன் என்னைக் காட்டிச் சொன்னான்: "இவனுக்குச் சின்ன வயசுல நான்தான் கதை சொல்லணும். சொல்லும்போது இவன் உம் கொட்டிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா தலையில ஒரு குட்டு. உம் கொட்ட ஆளு இருந்தா எவ்வளவு நேரம் வேணா பேசலாம் மேடம். இல்லேன்னா சுவத்துகிட்ட பேசுற மாதிரிதானே? உங்க பெல்லு உம் கொட்ட மாட்டேங்குது."

மறுநாள் நிறுவனத்தில் அவரே எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "நான் தப்புப் பண்ணிட்டேன். மெத்துன்னு இருந்தா அன்புன்னு நினைச்சேன். அது அன்பு இல்ல. எது சொன்னாலும் தலையாட்டுற ஆளு மாதிரி அது. ஆபத்துக்கு நம்ப முடியாது." யாரும் கேட்காமலே வந்த வாக்குமூலம். குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

அடுத்த மாதிரி கொஞ்சம் கனமாக இருந்தது. மேலெல்லாம் பூனை நாக்கு மாதிரி பொடிப்பொடிப் புள்ளிகளாக ஒரு சொரசொரப்பு. கட்டைவிரல் தேடாமலே போய் உட்கார ஒரு குழி. அழுத்தினால் பொத்தான் முதலில் லேசாக முரண்டு பிடிக்கும். பிறகு சட்டென்று இறங்கி, விரலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு 'டக்'. அண்ணன் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "உம் கொட்டுதுடா," என்றான்.

வார்டில் அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "இவ்வளவு சுகமா செஞ்சு குடுத்தா எவனும் கையை விட்டு எடுக்க மாட்டான். மணி அடிச்சிக்கிட்டே இருக்கும், நாங்க ஓடிக்கிட்டே இருக்கணும்," என்றார் தலைமைச் செவிலியர். "அடிக்கட்டும். அதுக்குத்தானே மணி," என்றார் இவர். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. ஒருமுறை அழுத்தியவர்கள் மறுபடி அழுத்தவில்லை, காத்திருந்தார்கள். சுத்தம் செய்கிற அம்மாள் மட்டும் விடவில்லை. "சந்துல அழுக்குத் தங்கினா யாரைக் கேப்பாங்க? உங்களையா கேப்பாங்க?" சொரசொரப்பு திரும்பிப் போய், ஈரத்துணியால் ஒரு தடவை இழுத்தால் துடைபடும்படி அந்தப் புள்ளிகளின் ஓரங்களை மழுக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் அதன்மேல் மையைத் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் இவர் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொண்டார்.

அண்ணன் கடைசி வரை அதைப் பிடித்திருந்தான். எப்போதும் அழுத்தினான் என்று இல்லை, பிடித்திருந்தான். எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவர் என் வீடு தேடி வந்தார். கதவோடு கை குலுக்கிவிட்டு ("பரவாயில்ல, இவன் நல்லவன்") உள்ளே வந்து, கம்பி நீக்கிய அந்தக் கருவியை என்னிடம் கொடுத்தார். கட்டைவிரல் குழியில் மட்டும் சொரசொரப்பு தேய்ந்து மழமழவென்றிருந்தது. "இது எங்க ஆபீஸ் சாமான்தான். ஆனா இந்த இடம் உங்களுது," என்றார். ஆறுதலாக வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

பிறகு, போன மாதம் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, எங்க ஆபீஸ்ல ஒரு கூட்டம். நோயாளி வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கலாம்னு எங்க விதியிலயே இருக்கு. யாரும் கூப்பிடுறதில்ல, நான் கூப்பிடுறேன். ஒண்ணே ஒண்ணு. உங்க அண்ணனைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், நீங்களும் பேச வேண்டாம். அவரைக் காட்டி நான் ஜெயிக்கணும்னு இல்ல."

நீள மேசை. ஒரு முனையில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் விற்பனை மேலாளர். தன் பெயருக்குப் பதிலடியாகச் சொரசொரப்பு அவருக்கு வைத்த பெயர் 'பளபளப்பு'. மேசை மேல் இரண்டு மாதிரிகள். ஒன்று இவருடையது. இன்னொன்று வெளியிலிருந்து செய்து வாங்கியது. கண்ணாடி மாதிரி வழவழப்பு, பொத்தானே கிடையாது, விரல் பட்டால் நீல விளக்கு எரியும். எதைத் தயாரிப்பது என்பதுதான் பேச்சு. ஆனால் அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"கண்காட்சியில வச்சா நாலு பேரு திரும்பிப் பாக்கணும் மேடம்," என்றார் பளபளப்பு. "உங்களோடது நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய சாமான் மாதிரி இருக்கு."

"பாக்குறவன் படுத்திருக்கல. படுத்திருக்கிறவன் பாக்குறதில்ல."

"அதான் விளக்கு எரியுதேம்மா," என்றார் முதலாளி.

"கண்ணு மூடியிருக்கு சார். கை போர்வைக்குள்ள இருக்கு. விளக்கு யாருக்கு எரியுது?"

பளபளப்பு எதையோ காட்டக் கோப்பை நகர்த்தினார். கோப்பின் ஓரம் பட்டதும் அந்த வழவழப்புக் கருவி மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. விளிம்பில் அவரே தாவிப் பிடித்தார். நீல விளக்கு எரிந்தது. "பாருங்க, பயந்துபோய் அதுவே ஆளைக் கூப்பிடுது," என்றார் சொரசொரப்பு. முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "நான் உங்க பேச்சைக் கேக்காத ஆளு இல்ல. கட்டில் கம்பி விஷயத்துல நீங்க பிடிச்ச பிடிவாதம்தான் சரின்னு ஆச்சு, ஒத்துக்கறேன். ஆனா போன தடவை மெத்துன்னு ஒண்ணு செஞ்சிட்டு நீங்களே வந்து தப்புன்னு சொன்னீங்க. இதுவும் அப்படி ஒரு தப்பா இருக்கலாம்ல?"

என் பையில் அண்ணனுடைய கருவி இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தால் போதும் என்று தோன்றியது. சொரசொரப்பு என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார், தப்புப் பண்ணேன்," என்றார். "கூப்பிட்டவனுக்குக் கூப்பிட்டோம்னே தெரியாத ஒண்ணைச் செஞ்சேன். அவங்க கூப்பிடுறதையே விட்டுட்டாங்க. வலியைப் பொறுத்துக்கிட்டுச் சும்மா படுத்திருந்தாங்க. அதே தப்பைத்தான் நீங்க இப்ப கண்ணாடியில பண்றீங்க. நான் ரப்பர்ல பண்ணேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே தப்புக்கு ரெண்டு தடவை என்னால துணை போக முடியாது."

"முடிவாயிடுச்சும்மா," என்றார் முதலாளி. வடிவமைப்பாளர் ஒப்புதல் என்று தலைப்பிட்ட ஒரு தாளை மேசையில் அவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் உருட்டிவிட்டார். "இதுல ஒரு கையெழுத்து."

சொரசொரப்பு பேனாவை எடுத்தார். வழக்கம்போல அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "நல்ல பேனா சார்," என்று சொல்லி அவர் பக்கமே திரும்ப வைத்தார். பிறகு தன் மாதிரியை எடுத்து, தாளில் கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடத்தின் மேல் சரியாக வைத்தார்.

"விளையாடாதீங்க. வேற ஒருத்தரை வச்சுப் போட்டுக்குவேன்," என்று முதலாளி தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வழுக்கி விழுந்துவிடும் என்று நினைத்திருப்பார். அது விழவில்லை. தாளைப் பற்றிக்கொண்டு, தாளோடு சேர்ந்தே நகர்ந்து அவர் முன்னால் வந்து நின்றது. தாள் வேண்டுமென்றால் அதை அவர் கையில் எடுத்தால்தான் உண்டு.

அவர் கை தாளின் மேல் தயங்கியது. சொரசொரப்பு நாற்காலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டார், அவர் கட்டைவிரலுக்கு அந்த 'டக்' கேட்பதற்காக.